முதல் எச்சரிக்கையைக் கண்டுபிடித்தவர்: அலிக் ஐசக்ஸின் கதை

2020 ஒக்டோபர் இறுதி. பேலியகொடை மீன் சந்தையில் தொடங்கிய கொத்தணி கொழும்பு வடக்கு முழுவதும் பரவியிருந்தது. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்த எங்களுக்கு அங்குள்ள உறவுகளோடு தொலைபேசி மட்டும்தான் தொடர்பு.

அந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே வைரஸ். ஒருவருக்கு இரண்டு நாள் தடிமனோடு போய்விடுகிறது. இன்னொருவர் வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. ஏன்?

வயது, நீரிழிவு, இருதய நோய் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் விடையின் ஒரு முக்கிய பகுதி, தொற்றிய முதல் சில மணித்தியாலங்களில் இருக்கிறது. அந்த மணித்தியாலங்களில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான கதவைத் திறந்தவர், கொரோனா பெருந்தொற்றுக்கு 53 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஒரு வைத்தியர். அவர் பெயர் அலிக் ஐசக்ஸ்.

1921 ஜூலை 17 அன்று ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐசக்ஸ் பிறந்தார். லித்துவேனியாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1944இல் பட்டம் பெற்றார். நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆய்வுகூடமே அவரை இழுத்தது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகருக்குச் சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மக்ஃபார்லேன் பேர்னெற்றிடம் இன்புளுவென்சா வைரஸைப் பற்றிக் கற்றார். பின்னர் லண்டன் மில் ஹில்லில் உள்ள தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் வைரஸ் ஆய்வாளர்களைக் குழப்பிய புதிர் ஒன்று இருந்தது. ஒரு வைரஸ் தொற்றிய கலங்களில் இன்னொரு வைரஸ் எளிதில் தொற்றுவதில்லை. வெப்பத்தால் செயலிழக்கச் செய்த வைரஸ்கூட, உயிருள்ள வைரஸை உள்ளே விடாமல் தடுத்தது. எப்படி என்று எவருக்கும் தெரியாது.

1956இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஷோன் லிண்டன்மான் என்ற இளம் ஆய்வாளர் மில் ஹில்லுக்கு வந்தார். அவரும் அதே புதிரோடு மல்லுக்கட்டியவர். இருவரும் சேர்ந்து கோழி முட்டைக் கருவின் மென்சவ்வுத் துண்டுகளை, செயலிழந்த இன்புளுவென்சா வைரஸோடு ஊறவைத்தார்கள். பிறகு சவ்வை எடுத்துவிட்டு, எஞ்சிய திரவத்தைப் புதிய சவ்வின் மீது விட்டார்கள். வைரஸையே காணாத அந்தப் புதிய சவ்வும் பாதுகாப்புப் பெற்றிருந்தது.

அப்படியென்றால் முதல் சவ்வின் கலங்கள் ஏதோவொன்றை வெளியே விட்டிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு இன்டர்பெரோன் என்று பெயரிட்டு, 1957இல் இருவரும் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். யப்பானில் நகானோ, கொஜிமா ஆகியோர் இதையொத்த ஒன்றை 1954இலேயே கவனித்து பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தனர். அது பரவலாகக் கவனிக்கப்படவில்லை.

இன்டர்பெரோன் என்ன செய்கிறது என்பதை எங்கள் வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. முதல் எறிகணை விழுந்த வளவிலிருந்து எழும் கூக்குரல் அந்த வளவைக் காப்பாற்றாமல் போகலாம். ஆனால் அதைக் கேட்டுப் பக்கத்து வளவுச் சனம் பதுங்குகுழிக்குள் இறங்கிவிடும். வைரஸ் புகுந்த கலம் எழுப்பும் அந்தக் குரல்தான் இன்டர்பெரோன். அயல் கலங்கள் அதைக் கேட்டதும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரஸ் பெருகமுடியாதபடி தம்மை மாற்றிக்கொள்கின்றன. பிறபொருளெதிரிகள் உருவாகப் பல நாட்கள் எடுக்கும். அதுவரை ஊரைக் காப்பது இந்த முதல் எச்சரிக்கை.

ஆனால் ஐசக்ஸை உலகம் உடனே நம்பவில்லை. உடலில் சுரக்கும் இன்டர்பெரோனின் அளவு மிக மிகச் சொற்பம். அதைத் தூய்மையாகப் பிரித்துக் காட்ட அன்றைய கருவிகளால் முடியவில்லை. அப்படியொரு பொருளே இல்லை என்றார்கள் சிலர். சிலர் பெயரைத் திரித்துக் கேலி செய்தார்கள். இன்னொரு பக்கம் பத்திரிகைகள், எல்லா வைரஸ் நோய்க்கும் மருந்து வந்துவிட்டது போல எழுதின. மருந்து வரவில்லை. கேலிக்கும் அளவு மீறிய எதிர்பார்ப்புக்கும் நடுவில் அவர் நின்றார்.

அந்த ஆண்டுகளில் கடும் மனச்சோர்வு நோயும் அவரைத் தாக்கியது. அதோடு போராடிக்கொண்டே அவர் ஆய்வுகூடத்துக்குப் போனார். 1964இல் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. 1966இல் ரோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராகத் தெரிவு செய்தது. 1967 ஜனவரி 26 அன்று, 45 வயதில் காலமானார். இன்டர்பெரோனின் மரபணு 1980இல் பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் ஈரல் அழற்சிக்கும் சில புற்றுநோய்களுக்கும் அது மருந்தானபோது அவர் உயிருடன் இல்லை.

அவர் இறந்த மறு ஆண்டு, 1968இல், ஒரு வைரஸ் குடும்பத்துக்குக் கொரோனா என்று பெயரிடப்பட்டது. அதன் வடிவத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காட்டிக் கொடுத்த ஜூன் அல்மெய்டாவும் கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். ஐசக்ஸ் கண்டுபிடித்த எச்சரிக்கையை அடக்குவதில் இந்தக் குடும்பம் எவ்வளவு தேர்ந்தது என்பது அன்று எவருக்கும் தெரியாது.

2020இல் உலகைப் பூட்டிய வைரஸ் அதை மூன்று வழிகளில் செய்கிறது. முதலாவது, ஒளிப்பு. கலத்துக்குள் இரட்டைச் சவ்வுப் பைகளைக் கட்டி, அவற்றுக்குள் தன்னைப் பிரதி எடுக்கிறது. வெளியே வரும் பிரதிகளுக்கும் கலத்தின் சொந்த ஆவணம் போன்ற முத்திரையைக் குத்திவிடுகிறது. காவலுக்கு நிற்கும் புரதங்களுக்கு அந்நியர் யார் என்று தெரிவதில்லை. இரண்டாவது, அச்சகத்தை மூடுவது. வைரஸின் ஒரு புரதம், கலத்தில் புரதம் தயாரிக்கும் இடத்தின் வாயை அடைக்கிறது. இன்டர்பெரோனுக்கான கட்டளை எழுதப்பட்டாலும் அது அச்சேறுவதில்லை. மூன்றாவது, வாசலை மறிப்பது. எச்சரிக்கை அயல் கலத்தை எட்டினாலும், அந்தக் கலத்துக்குள் ஏற்கெனவே வைரஸ் இருந்தால், செய்தி கருவுக்குள் நுழையும் வாசலில் இன்னொரு புரதம் தடுத்துவிடுகிறது.

எச்சரிக்கை அடங்கிய அந்த நாட்களில் வைரஸ் சத்தமின்றிப் பெருகுகிறது. காலம் பிந்தி உடல் விழிக்கும்போது எல்லாப் படைகளும் ஒரேயடியாக நுரையீரலுக்குள் இறங்குகின்றன. பலரை மூச்சுத்திணறலுக்குள் தள்ளியது அந்தப் பிந்திய ஆவேசம்தான்.

ஒரே வீட்டில் இருவருக்கு இரு விதி ஏன் என்ற கேள்விக்கு 2020இலேயே ஒரு தடயம் கிடைத்தது. உயிராபத்தான நிலையில் இருந்த 987 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தபோது, 101 பேரின் இரத்தத்தில் தம் சொந்த இன்டர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தன. அவர்களில் 95 பேர் ஆண்கள். அவர்களது எச்சரிக்கையை வைரஸுக்கு முன்பே உடல் அறுத்து வைத்திருந்தது. அவர்கள் செய்த பிழை எதுவுமில்லை.

அப்படியானால் இன்டர்பெரோனை ஊசியாக ஏற்றினால் போதுமா? வைத்தியசாலையில் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த உலக சுகாதார அமைப்பின் பெரும் பரிசோதனையில் பலன் தெரியவில்லை. ஆனால் நோய் தொடங்கிய முதல் வாரத்துக்குள் இன்டர்பெரோனின் இன்னொரு வகையைக் கொடுத்துப் பிரேசிலிலும் கனடாவிலும் நடந்த ஆய்வு, வைத்தியசாலைத் தேவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2023இல் காட்டியது. மருந்தின் அளவைவிட நேரமே பெரிது.

2020 டிசம்பரில் நோய் எதிர்ப்புச் சக்தி தரும் என்று சொல்லப்பட்ட பாணிக்காகக் கேகாலையில் சனம் முண்டியடித்தது நினைவிருக்கும். பயத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிர்ப்புச் சக்தி என்பது போத்தலில் வாங்கிக் கூட்டிக்கொள்ளும் ஒன்றல்ல. அது உரிய நேரத்தில் எழும் ஒரு செய்தி.

செய்தி தடைப்பட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சனம் நன்றாக அறியும். ஐசக்ஸ் தன் குறுகிய வாழ்வில் தேடிப்போனதும் அப்படியொரு செய்தியைத்தான். கொட்டாஞ்சேனையின் அந்த வீட்டில் திரும்பி வராதவருக்கு அது பிந்திப் போயிருக்கலாம். அடுத்தவருக்குப் பிந்தாமல் போய்ச் சேர வைக்கும் வேலை, அவர் விட்ட இடத்திலிருந்து இன்றும் தொடர்கிறது.