பேசக் கூசிய மேதை



வைவா என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கனெக்‌ஷன் சரியாகக் கொடுப்பேன், ரீடிங்கும் ஒழுங்காக எடுப்பேன். எக்ஸாமினர் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டால் போச்சு, நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒரு கம்பெனியின் குரூப் டிஸ்கஷனில், நான் வாயைத் திறப்பதற்குள் நேரமே முடிந்துவிட்டது. அன்று ராத்திரி ஹாஸ்டலில் தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவுக்கு வந்தவர்தான் ஹென்றி காவெண்டிஷ்.

1731-ல் பிறந்த ஆங்கிலேயர். தாத்தா ஒரு டியூக். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1753-ல் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். ஹைட்ரஜன் ஒரு தனி வாயு என்று 1766-ல் காட்டியவர் இவரே.

மனுஷருக்கு ஆட்களைக் கண்டாலே கூச்சம். வேலைக்காரப் பெண்களிடம் நேரில் பேசமாட்டார். என்ன சாப்பாடு வேண்டுமென்று சீட்டு எழுதி வைத்துவிடுவார். ஆனாலும் ராயல் சொசைட்டிக்காரர்களின் விருந்துக்கு மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தார். அங்கே அவரிடம் பேசுவதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார்களாம். முகத்தைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் நின்று, காற்றோடு பேசுகிற மாதிரி விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிடித்த விஷயமென்றால் மெதுவாகப் பதில் வரும். இல்லாவிட்டால் ஆள் நழுவிவிடுவார். இப்படி ஒரு சலுகை நமக்கும் கிடைத்தால்!

பூமியின் அடர்த்தியை அளந்ததும் அவர் பாணியில்தான். ஆறடி மரக்கோல், அதன் இரு முனையிலும் சின்ன ஈயக் குண்டுகள். அவற்றை ஈர்க்க, ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய குண்டுகள். உடம்புச் சூட்டினால் காற்று அசைந்தாலே கணக்கு கெட்டுவிடும். அதனால் அறையைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்தே டெலஸ்கோப் வழியாகப் பார்த்தார். 1798-ல் அவர் சொன்ன விடை, தண்ணீரைப்போல் 5.48 மடங்கு. இன்றைய அளவு 5.51!

எலக்ட்ரிக்கல் பசங்களே, இனிமேல்தான் நம்ம விஷயம். கால்வனாமீட்டர் இல்லாத காலம் அது. உப்புத் தண்ணீர்க் குழாய்கள் வழியே மின்சாரத்தைத் தன் உடம்பிலேயே பாய்ச்சி, ஷாக்கின் பலத்தை வைத்து அளந்தார். 1827-ல் ஓம் வெளியிட்ட விதியை 1781 வாக்கிலேயே எட்டிவிட்டார். கூலும் விதியையும் கூலுமுக்கு முன்பே கண்டிருந்தார். ஆனால் இரண்டையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. விளைவு? நாம் ரெக்கார்ட் நோட்டில் எழுதுவது ஓம் பெயரை!

அவரிடம் பணம் குவிந்து கிடந்தது. வேலை கேட்டு யார் முன்னாலும் உட்கார வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1810-ல் இறந்தார். கட்டுக்கட்டாகக் கிடந்த அவருடைய மின்சாரக் குறிப்புகளை மேக்ஸ்வெல் உட்கார்ந்து படித்து, அந்த ஷாக்கைத் தானும் வாங்கிப் பார்த்து, 1879-ல் புத்தகமாக்கினார். அறுபத்தொன்பது வருஷம் கழித்து!

அடுத்த வாரம் எனக்கு இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது. என் புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போகிறேன். நாக்கு ஒட்டிக்கொண்டால் அதை மேஜைமேல் வைத்துவிடுவதாக உத்தேசம்.