மதீனாவின் முதல் உஸ்தாது – ஹஜ்ரத் முஸ்அப் இப்னு உமைர் (ரலி)

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவில் திருப்பாதம் பதிப்பதற்கு முன்பே அவ்வூரில் ஜமாஅத்தாகத் தொழுகை நடந்து வந்தது. வீடுகளில் குர்ஆன் ஓதும் ஓசை எழுந்துவிட்டது. இந்த மாற்றத்தை உண்டாக்க எந்தப் படையும் அங்கே போகவில்லை. பெருமானார் அனுப்பி வைத்த ஓர் உஸ்தாதுதான் போனார்கள். அவர்களே ஹஜ்ரத் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள்.

மக்காவில் பனூ அப்துத் தார் என்னும் உயர் குடும்பத்தில் பிறந்தவர்கள் அவர்கள். தாயார் குனாஸ் பின்த் மாலிக் பெரும் செல்வச் சீமாட்டி. மகனுக்கு விலையுயர்ந்த ஆடைகளும் சிறந்த நறுமணமும் குறைவின்றிக் கிடைத்தன. அந்த வாலிபர் ஒருநாள் அர்கம் (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்று கலிமாச் சொன்னார்கள். செய்தி அறிந்த குடும்பத்தார் அவர்களைப் பிடித்து அடைத்து வைத்தனர். அங்கிருந்து தப்பி அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். திரும்பி வந்தபோது பழைய செல்வம் எதுவும் அவர்களிடம் இல்லை. முரட்டு ஆடையே எஞ்சியது. ஈமான் மட்டும் முன்னிலும் உறுதியாக இருந்தது.

யத்ரிப் எனப்பட்ட மதீனா அப்போது காயம் ஆறாத ஊர். அவ்ஸ், கஸ்ரஜ் என்ற இரு கோத்திரங்களும் தலைமுறைகளாகப் பகை கொண்டிருந்தன. கி.பி. 617 வாக்கில் நடந்த புஆத் போரில் இரு தரப்பிலும் தலைவர்கள் பலர் மாண்டனர். கி.பி. 621-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் அவ்வூரார் பன்னிருவர் அகபாவில் பெருமானாரிடம் பைஅத் செய்தனர். பதின்மர் கஸ்ரஜினர், இருவர் அவ்ஸினர். குர்ஆனையும் மார்க்கத்தையும் கற்றுக்கொடுக்க முஸ்அப் (ரலி) அவர்களை நபிகளார் அவர்களுக்காக அனுப்பி வைத்தார்கள்.

கஸ்ரஜ் கோத்திரத்து அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்கள் தம் இல்லத்திலேயே அவர்களைத் தங்க வைத்தார்கள். அவ்ஸினர் ஒருவர் இமாமாக நிற்பதைக் கஸ்ரஜினர் விரும்பவில்லை. கஸ்ரஜினர் ஒருவர் நிற்பதை அவ்ஸினரும் விரும்பவில்லை. ஆகவே வெளியூர்க்காரரான முஸ்அப் (ரலி) அவர்களே தொழவைத்தார்கள். பகைவர்களாய் வாழ்ந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் ஒரே ஸஃப்பில் நின்றார்கள். ஓதிக்கொடுப்பவர் எனப் பொருள்படும் முக்ரிஉ என்ற பெயரும் அவர்களுக்கு அங்கே நிலைத்தது.

ஒருநாள் அஸ்அத் (ரலி) அவர்கள் முஸ்அப் (ரலி) அவர்களை அவ்ஸ் பகுதிக்கு அழைத்துச் சென்று, ஒரு தோட்டத்தில் கிணற்றருகே அமர்ந்தார்கள். இதை அறிந்த பனூ அப்தில் அஷ்ஹல் தலைவர் ஸஅத் இப்னு முஆத் கோபமுற்றார். அஸ்அத் தம் தாயின் சகோதரி மகன் என்பதால் தாமே போகத் தயங்கி, மற்றொரு தலைவரான உஸைத் இப்னு ஹுளைரை அனுப்பினார். உஸைத் ஈட்டியுடன் வந்து நின்று, உயிர்மேல் ஆசையிருந்தால் இங்கிருந்து போய்விடுங்கள் என்று மிரட்டினார்.

முஸ்அப் (ரலி) அவர்கள் அஞ்சவுமில்லை, வாதாடவுமில்லை. சற்று அமர்ந்து கேட்கும்படியும், பிடித்தால் ஏற்கும்படியும், பிடிக்காவிட்டால் தாங்கள் நிறுத்திக்கொள்வதாகவும் சொன்னார்கள். அது நியாயம்தான் என்று உஸைத் ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு அமர்ந்தார். குர்ஆன் வசனங்கள் ஓதப்பட்டதும் அவர் முகம் மலர்ந்தது. குளித்து, ஆடையைத் தூய்மை செய்து, கலிமாச் சொல்லி, இரண்டு ரக்அத் தொழுதார்கள். பின்பு ஸஅத் அவர்களும் கோபத்துடனேயே வந்தார்கள். அவர்களிடமும் முஸ்அப் (ரலி) அவர்கள் அதே கோரிக்கையையே வைத்தார்கள். அவர்களும் அமர்ந்து கேட்டு ஈமான் கொண்டார்கள். அன்று மாலைக்குள் அக்கோத்திரத்து ஆண்களும் பெண்களும் இஸ்லாத்தைத் தழுவினார்கள். எஞ்சி நின்றவர் உஸைரிம் ஒருவரே. அவரும் பின்னாளில் உஹதுப் போரன்று ஈமான் கொண்டு, அன்றே ஷஹீதானார்.

மறுத்துவிடும் உரிமையைக் கேட்பவரிடமே கொடுத்துவிட்டுப் பேசியதால் ஈட்டி கீழே இறங்கியது. தஃவாப் பணியில் இறங்குவோர் நெஞ்சில் இருத்த வேண்டிய பாடம் இது.

மறு ஆண்டு, கி.பி. 622-இல், எழுபத்து மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் அகபாவில் பெருமானாருக்குக் கரம் கொடுத்தார்கள். ஹிஜ்ரத்துக்கு வழி திறந்தது.

உஹதுப் போரில் முஸ்லிம்களின் கொடியைத் தாங்கியபடியே முஸ்அப் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். கஃபனிட ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால்கள் தெரிந்தன. கால்களை மூடினால் தலை தெரிந்தது. துணியால் தலையை மூடி, கால்களின் மீது இத்கிர் புல்லை இடும்படி நபிகளார் பணித்தார்கள். பிற்காலத்தில் செல்வம் பெருகிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது இந்தக் கஃபனை எண்ணி அழுது, உணவையே விட்டுவிட்டார்கள்.

நம் மஹல்லாவுக்கும் வெளியூரிலிருந்து ஒரு வாலிப ஆலிம் இமாமாக வருகிறார். அவர் முஸ்அப் (ரலி) அவர்களைப் போல் பொறுமையாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அஸ்அத் (ரலி) அவர்களைப் போல் நாம் வீட்டுக் கதவைத் திறந்தோமா? ஊரின் கட்சிச் சண்டையில் அவரை இழுக்காமல், இரு தரப்பும் அவர் பின்னால் ஒரே ஸஃப்பில் நின்றோமா? ஒவ்வொரு வீட்டாரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அந்த உத்தம ஸஹாபியின் பொறுமையையும், அவர்களை வரவேற்ற அன்ஸாரிகளின் விசாலமான உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.