பாறையை உருக்கிய போவன்

நார்மன் லெவி போவன் என்றால் புவியியல் பயிலும் நண்பர்களுக்கு உடனே நினைவு வருவது கனிமங்களின் வரிசைதான். அதை மனப்பாடம் செய்யாமல் தேர்வைத் தாண்டியவர் யார்? ரசாயன மாணவனான எனக்கோ, அவர் அறுபது வயதுக்கு மேல் செய்த காரியமே பெரிதாகத் தோன்றுகிறது.

1887இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்த போவன், 1912இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவிப்பௌதிக ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார். அங்கே கையாண்ட முறை எளியது. கனிமப் பொடியைப் பிளாட்டினத்தில் பொதிந்து, குறித்த வெப்பத்தில் நெடுநேரம் நிறுத்தி, சட்டெனக் குளிர்விப்பார். படிகமாக இருந்தது படிகமாகவே நிற்கும். குழம்பாக இருந்தது கண்ணாடியாகும். உலைக்குள் நடந்ததை நுண்பெருக்கி சொல்லிவிடும். முறைதான் எளியது, அதற்கு வேண்டிய பொறுமை எளியதன்று.

பசால்ட் குழம்பு ஆறும்போது படிகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிய, எஞ்சும் கடைசிச் சாறே கிரானைட் என்று அவர் 1915 முதல் வாதாடினார். 1928இல் நூலாகவும் எழுதினார். எதிர்த்தவர்கள் நியாயமான கேள்வி கேட்டார்கள். எஞ்சும் சாறு சொற்பம். கண்டங்களிலோ கிரானைட் மலைமலையாகக் கிடக்கிறது. அத்தனைக்கும் தாயான பசால்ட் எங்கே? போவன் அசையவில்லை.

1947இல் சிகாகோவிலிருந்து வாஷிங்டன் திரும்பியவர், ஆர்வில் டட்டில் என்ற இளைஞரோடு சேர்ந்து, குவார்ட்ஸையும் இருவகை பெல்ஸ்பாரையும் நீருடன் அழுத்தி உருக்கினார். நீரில்லாவிடில் 950 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் வேண்டும். நீரின் அழுத்தம் சில ஆயிரம் மடங்கு காற்றழுத்தமானதும், 700 பாகைக்குக் கீழேயே உருகத் தொடங்கியது! பூமியின் மேலோட்டில், ஆழத்தில், அவ்வளவு வெப்பம் கிட்டக்கூடியதே. ஆகவே பழைய பாறை ஓரளவு உருகினாலே கிரானைட் குழம்பு பிறக்கலாம்.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். உறையும்போது கடைசியாக எஞ்சுவதும், உருகும்போது முதலில் கசிவதும் ஏறத்தாழ ஒரே கலவை. நூற்றுக்கணக்கான கிரானைட்டுகளின் பகுப்பை வரைபடத்தில் குறித்தபோது, அவை அந்தத் தாழ்வெப்பப் பள்ளத்திலேயே குவிந்தன. கிரானைட் குழம்பிலிருந்து வந்தது என்ற போவனின் கட்சி வென்றது. ஆனால் பசால்ட் மட்டுமே தாய் என்பதற்கு அப்படம் சாட்சி சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்கும் கதவைத் திறந்தது அவருடைய உலையே! எவ்வளவு ஆழத்தில் மேலோடு உருகும் என்பதையும் இருவரும் கணக்கிட்டார்கள். இமயத்தின் வெளிறிய கிரானைட்டுகள், களிமண் படிவிலிருந்து உருவான பாறைகள் உருகியதால் பிறந்தவை என்றே இன்று கொள்கிறோம். அங்கே நீரைத் தருவது பெரும்பாலும் மைக்கா.

போவன் 1956இல் காலமானார். அவ்வாய்வு நூல் 1958இல்தான் வெளிவந்தது. அதில் முதற்பெயர் டட்டிலுடையது.