பிள்ளை யாருக்குரியது? – பேராயர் பொன்ஜீன் ஆண்டகை



முதலாந் தர அனுமதிக்கான விண்ணப்பங்கள் கோரப்படும் காலம் வந்துவிட்டால் வத்தளையிலுள்ள பங்குப் பணிமனைகளில் கூட்டம் குறைவதில்லை. திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும், களனி ஆற்றைக் கடந்து கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ உள்ள கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றில் பிள்ளைக்கு இடம் வேண்டும். அப்படி வந்த தந்தை ஒருவரிடம், அந்தப் பாடசாலையிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்னவென்று கேட்டேன். புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை பார்ப்பவர் அவர். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் இரவுதான் திரும்புவார். நல்ல பெறுபேறு, நல்ல ஆங்கிலம், நல்ல ஒழுக்கம் என்று சற்றுத் தயங்கிச் சொன்னார். ஆண்டவரைப் பற்றி என்றேன். அதையும் அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள்தானே, சுவாமி என்றார்.

அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஆயினும் அவர் விட்டுச் சென்ற சொல், கொட்டாஞ்சேனையில் ஒரு வீதியின் பெயர்ப்பலகையை நினைவூட்டியது. பொன்ஜீன் வீதி என்று நாம் நாள்தோறும் வாசித்துக் கடந்து செல்லும் பெயர் அது. மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில் ஒரு மண்டபமும் அதே பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் வழக்காகவே நடத்திய ஒரு மனிதரின் பெயர் அது.

கிறிஸ்தோப் ஏர்னஸ்ட் பொன்ஜீன் 1823 ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தின் ரியோம் என்னும் ஊரில் பிறந்தார். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையில் பயின்று, 1846 இல் குருவானார். அடுத்த ஆண்டே தென்னிந்தியாவின் கோயம்புத்தூர் மறைத்தளத்துக்கு அனுப்பப்பட்டார். அவர் தமிழ் கற்றது அங்கேதான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அம்மண்ணில் உழைத்தபின் 1856 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தபின் அமலமரித் தியாகிகள் சபையில் தம்மை இணைத்துக்கொண்டார். அக்காலத்தில் யாழ்ப்பாண மறைத்தளத்தில் ஆயராகப் பணியாற்றியவர்களுள் ஒருவர் செமேரியா ஆண்டகை. புதிதாக வந்த பிரெஞ்சுக் குருவின் பேனாவின் கூர்மையை அவர் விரைவிலேயே அறிந்துகொண்டார்.

அந்தப் பேனாவுக்கு வேலை காத்திருந்தது. இலங்கையில் பிரித்தானிய அரசின் கல்விப் பொறுப்பை 1841 முதல் மத்திய பாடசாலை ஆணைக்குழு என்ற அமைப்பு நடத்தி வந்தது. அதன் பாடசாலைகளில் எல்லாச் சபையினருக்கும் பொதுவான ஒரு கிறிஸ்தவம் கற்பிக்கப்படலாம் என்பது அன்றைய கொள்கை. சபை வேறுபாடு தொடாத வேதப் பாடம் நடக்கும். விரும்பாத பெற்றோரின் பிள்ளைகள் அந்த நேரத்தில் வராதிருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் கத்தோலிக்கர் அதனை அப்படிக் காணவில்லை. சபைகளுக்குப் பொதுவானது என்று சொல்லப்பட்டது, நடைமுறையில் புரட்டஸ்தாந்து ஆசிரியர் தாம் அறிந்தவாறு விளக்கும் வேதமாகவே இருந்தது. சைவப் பிள்ளைக்கும் பௌத்தப் பிள்ளைக்கும் அதுவும் இல்லை. அவர்கள் பெற்றோரின் நம்பிக்கைக்கு அந்த வகுப்பறையில் இடமே கிடையாது. எழுத்தறிவு வேண்டுமானால் இந்த வாசலால்தான் நுழைய வேண்டும் என்றால், ஏழைத் தகப்பன் என்ன செய்வான்?

1860களின் தொடக்கத்தில் பொன்ஜீன் அடிகளார் கத்தோலிக்கக் கல்வி பற்றி ஆங்கிலத்தில் சிறு நூலொன்றை எழுதி வெளியிட்டார். வாதத்தில் அவர் மென்மையானவர் அல்லர். எதிர்த்தரப்பாரை நோகடிக்கும் சொற்களும் அவரிடமிருந்து வந்ததுண்டு. ஆனால் அவரது சிந்தனையின் அடித்தளம் மிகத் தெளிவானது. பிள்ளையை இவ்வுலகுக்குக் கொண்டு வந்தவர்கள் பெற்றோர். ஆதலால் அப்பிள்ளையை மனிதனாக்கும் பொறுப்பும் உரிமையும் முதலில் அவர்களுக்கே உரியன. பாடசாலை அந்தப் பொறுப்பில் ஒரு பகுதியைப் பெற்றோரிடமிருந்து கடனாகப் பெற்று நடத்துகின்றது. அரசு அதற்குத் துணை நிற்கலாம். பெற்றோரின் இடத்தில் அமர முடியாது. அடுத்து, கல்வி என்பது வாசிப்பும் கணக்கும் மட்டுமே என்று கொண்டால் அறிவு வளரும், ஆள் வளரமாட்டான். நன்மை தீமையை இனங்காணும் மனச்சாட்சியைப் பயிற்றுவதே பாடசாலையின் முதல் வேலை. அந்த மனச்சாட்சி வீட்டில் ஒரு மொழியும் பாடசாலையில் வேறொரு மொழியும் கேட்டு வளர்ந்தால் இரண்டையுமே நம்பாத ஒன்றாகிவிடும் என்பது அவரது அச்சம்.

இதுவரை சொன்னது தம் மந்தையைக் காக்க நினைக்கும் எந்தக் குருவும் சொல்லக்கூடியதே. பொன்ஜீன் அடிகளார் அதோடு நிற்கவில்லை. பெற்றோரின் உரிமை இயற்கைச் சட்டத்திலிருந்து வருவதானால் அது கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது என்று அவர் கண்டார். கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பாடசாலை கேட்டது போலவே, சைவப் பிள்ளைக்குச் சைவப் பாடசாலையும், பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தப் பாடசாலையும், முஸ்லிம் பிள்ளைக்கு முஸ்லிம் பாடசாலையும் அரசின் உதவியோடு இருக்கவேண்டும் என்று எழுதினார். எண்ணிப் பாருங்கள். ஆன்மாக்களை வென்றெடுக்கவே நாட்டை விட்டு வந்த ஒரு மறைபரப்பாளர், எழுத்தைக் காட்டிப் பிள்ளையின் ஆன்மாவை வாங்குவது அநீதி என்று சொன்னார்! இதில் புதுமை இல்லை என்று இறையியல் படித்தோர் சொல்லக்கூடும்; பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிற சமயத்தவரின் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல் இயற்கை நீதிக்கு முரணானது என்று புனித தோமா அக்குவினார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். ஆனால் அந்த நீதியை ஒரு குடியேற்ற அரசின் பாடசாலைக் கணக்குப் புத்தகம் வரை கொண்டு வந்து நிறுத்தத் துணிவு வேண்டும்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தின் இன்னொரு பெரியாரை நினையாமல் இருக்க முடியாது. ஆறுமுக நாவலர் 1822 இல் பிறந்தவர். பொன்ஜீன் அடிகளாருக்கு ஏறத்தாழ ஒத்த வயதினர். சைவப் பிள்ளைகளுக்கென வண்ணார்பண்ணையில் அவர் 1848 இலேயே பாடசாலை தொடங்கிவிட்டார். இருவரும் சமயத்தில் எதிரெதிர்க் கரைகளில் நின்றவர்கள். எனினும் பிள்ளை தன் பெற்றோரின் நம்பிக்கையை இழக்காமல் கற்கவேண்டும் என்ற ஒரே கவலையே இருவரையும் உறங்கவிடாமல் செய்தது.

1865 இல் சட்டநிரூபண சபை கல்வி நிலையை ஆராய ரிச்சர்ட் மோர்கன் தலைமையில் உபகுழுவொன்றை அமைத்தது. குழு பலரிடமும் கருத்துக் கேட்டது. பொன்ஜீன் அடிகளாரும் தம் நிலைப்பாட்டை அதன்முன் வைத்தார். 1867 இல் அறிக்கை வந்தது. 1869 இல் ஆணைக்குழு கலைக்கப்பட்டு பொதுப் போதனைத் திணைக்களம் உருவாயிற்று. 1870 முதல் சமயச் சபைகள் நடத்தும் பாடசாலைகளுக்கும் நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. சமயப் பாடத்தில் அரசு தலையிடாது. உலகியல் பாடங்களுக்கு மட்டும் உதவி தரும்.

வெற்றிதான். ஆனால் அதனுள் ஒரு முள் இருந்தது. நன்கொடை எப்படிக் கணக்கிடப்பட்டது தெரியுமா? ஆண்டுக்கொருமுறை பரிசோதகர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினரோ அத்தனைக்கு ஏற்பப் பணம். பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் அன்று நடைமுறையிலிருந்த முறையை ஒட்டியது. ஒழுக்கத்துக்கு அதில் புள்ளி இல்லை, செபத்துக்கும் இல்லை. பாடசாலை தன் சமயத்தைக் கற்பிக்கச் சுதந்திரம் பெற்றது. ஆசிரியரின் சம்பளமோ சித்தி பெற்றோர் எண்ணிக்கையில் தொங்கியது. மந்தமான பிள்ளை எந்தப் பாடசாலைக்கும் நட்டமாயிற்று. இன்று ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளை படும் பாட்டைப் பார்க்கும்போது, அந்தப் பரிசோதகர் இன்னும் நம் வகுப்பறைகளை விட்டுப் போகவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வேறொரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பாடசாலை கட்டப் பணமும் ஆளும் அமைப்பும் கிறிஸ்தவ மிசன்களிடம் இருந்தன. ஏனையோரிடம் போதியளவு இருக்கவில்லை. ஏற்கெனவே பாடசாலை உள்ள இடத்துக்கு அண்மையில் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்ற தூர விதிகளும் பின்னர் வந்தன. முந்தி வந்தவர்களுக்கே அவை சாதகமாயின. ஆகவே எல்லோருக்கும் என்று பொன்ஜீன் அடிகளார் கேட்ட நீதி, நெடுங்காலம் நமக்கே அதிகம் கிடைத்தது. பிற சமயப் பிள்ளைகள் நம் வாங்குகளில் அமர்ந்து நம் ஞானோபதேசத்தைப் படித்தார்கள். பெற்றோரின் மனச்சாட்சிக்குச் சட்டப் பாதுகாப்பு 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தோடுதான் வந்தது. கொள்கையை வகுத்தவரின் உயரத்துக்கு அதனால் பயன் பெற்றவர்கள் எப்போதும் எழுவதில்லை. நம் சகோதர சமயத்தவரிடம் இதை ஒப்புக்கொள்ள நாம் வெட்கப்படத் தேவையில்லை.

1868 இல் அவர் யாழ்ப்பாணத்தின் ஆயரானார். முதலாம் வத்திக்கான் சங்கத்திலும் கலந்துகொண்டார். 1876 இல் அவர் காலத்தில் தொடங்கிய சத்திய வேத பாதுகாவலன் யாழ்ப்பாணக் கத்தோலிக்கரின் இல்லங்களில் வாசிக்கப்படும் இதழாயிற்று. 1870களில் மடு அன்னைக்குப் புதிய ஆலயம் எழுப்பும் பணியையும் தொடங்கி வைத்தார். இவையெல்லாம் தனியே எழுதப்பட வேண்டியவை.

1883 இல் அவர் கொழும்புக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு உயிர்த்தெழுந்த ஞாயிறன்றுதான் கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலவரம் மூண்டிருந்தது. காயம் ஆறாத நகருக்கு மேய்ப்பராக வந்தார். பௌத்த மறுமலர்ச்சி வேகம் பெற்றிருந்த காலம் அது. 1886 இல் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரியின் தொடக்கம். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. பௌத்தரும் சைவரும் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் நம்பிக்கையில் வளர்க்கத் தாங்களே பாடசாலை கட்டினார்கள். அவர் முன்னர் எழுத்தில் கேட்டது, இப்போது அவர் கண்முன் கல்லும் சாந்துமாக எழுந்தது. போட்டியாளராக அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். ஆனால் அவரது கொள்கையின்படி அது நியாயமே.

1886 இல் இலங்கையில் திருச்சபை ஆட்சியமைப்பு நிறுவப்பட்டபோது அவர் கொழும்பின் முதற் பேராயரானார். ஆலயம் உள்ள இடத்தில் பாடசாலையும் இருக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். கொழும்பில் கத்தோலிக்க உயர்கல்லூரி ஒன்று காண ஆசைப்பட்டார். காணவில்லை. 1892 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். புனித சூசையப்பர் கல்லூரி 1896 இல்தான் திறக்கப்பட்டது.

அவர் வென்று தந்த முறை 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களோடு முடிவுக்கு வந்தது. அரசு உதவி பெற்ற பாடசாலைகள் அரசுடைமையாயின. அந்நாள்களில் கத்தோலிக்கத் தாய்மாரும் தந்தைமாரும் பாடசாலைக் கட்டடங்களுக்குள்ளேயே பாயும் தலையணையுமாகத் தங்கியிருந்து காவல் காத்ததை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சில கல்லூரிகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்று பெரும் இன்னல்பட்டன. ஏனைய பங்குகளில் மறைக்கல்வி பெரும்பாலும் ஞாயிறு காலைக்கு நகர்ந்தது. இங்கே வத்தளையிலும், தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிமூலப் பாடசாலை வேண்டும் என்று தமிழ்ப் பெற்றோர், சைவரும் கிறிஸ்தவரும், நெடுங்காலம் கேட்டு நின்றதை நாம் அறிவோம். பிள்ளை யாருக்குரியது என்ற அந்தப் பழைய வழக்கின் இன்னொரு தவணை அது.

கடிதம் வாங்கிச் சென்ற அந்தத் தந்தை சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வந்தார். பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல வந்தார். பொன்ஜீன் ஆண்டகையின் கதையைச் சுருக்கமாக அவருக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பாடசாலையில் படுத்துறங்கிய கதை அவருக்குப் புதிது. இரவு வேலையால் வரும்போது மகன் உறங்கிவிடுகிறான் சுவாமி, என்ன செய்வது என்று கேட்டார். காலை ஆறு மணிக்கு முன் அவன் விழித்திருப்பானா என்று கேட்டேன். ஐந்தரைக்கே எழுந்துவிடுவான் என்றார்.