பட்டம் பெறாதவர் தந்த பரிசு

கல்லூரிப் படியை முதன்முதலாக மிதிக்கும் மாணவனைப் பாருங்கள். நெஞ்சு நிறையக் கேள்விகளோடு போகிறான். நூறு பேர் நடுவிலே ஒருவனாக உட்காருகிறான். மேடையிலே பேராசிரியர் பேசுகிறார்; கீழே இவன் எழுதுகிறான். ஆண்டு முடிகிறது. கேள்வியோ, கேட்கப்படாமலே மடிகிறது!

இந்தக் குறையை உணர்ந்த ஒருவர் அமெரிக்க நாட்டிலே இருந்தார். எட்வின் லேண்ட் என்பது அவர் பெயர். 1909இல் பிறந்தவர், தந்தை பழைய உலோக வியாபாரி. 1926இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார்; முதலாண்டோடு வெளியேறினார். படிப்பு கசந்ததா? இல்லை, ஒளியை ஆராயும் வேட்கை அவரை இழுத்தது! நியூயார்க் பொது நூலகமே கல்லூரியாயிற்று. கொலம்பியா பல்கலைக் கழக ஆய்வுக்கூடத்திலே, இரவில் எவருமறியாமல் நுழைந்து சோதனை செய்தார். கண்கூசும் ஒளியை அடக்கும் தகட்டைக் கண்டுபிடித்தார். மீண்டும் ஹார்வர்டு சென்றார். மீண்டும் பட்டமின்றியே விலகினார்.

1937இல் போலராய்டு கம்பெனியைத் தோற்றுவித்தார். 1943இல் அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியவில்லை என்று கேட்டாள். சிறுபிள்ளைப் பேச்சென்று அவர் தள்ளிவிடவில்லை. 1947இல், ஒரே நிமிடத்தில் படம் தரும் காமிராவை அறிஞர்கள் முன் காட்டினார். கேள்விக்குச் செவி கொடுத்ததன் விளைவு அது!

செல்வம் குவிந்தது. ஆனால் அந்த முதலாண்டு நினைவு அகலவில்லை. 1957இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பேசியபோது, கல்லூரிக்கு வந்த நாளிலிருந்தே மாணவனை ஆராய்ச்சியில் இறக்க வேண்டுமென வாதாடினார். பேச்சோடு நிற்கவில்லை. 1959இல் ஹார்வர்டிலே முதலாண்டு மாணவர்களுக்கென்று சிறு ஆய்வு வகுப்புகள் தொடங்கின. ஒரு பேராசிரியர், அவரைச் சுற்றிச் சில மாணவர்கள், நடுவிலே ஒரு கேள்வி. பணம் தந்தவர் லேண்ட். தம் பெயரை அன்று வெளியிடவிடவில்லை!

500க்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற அவர் 1991இல் மறைந்தார். அந்த வகுப்புகள் இன்றும் நடக்கின்றன.

கொடையைப் போற்றுவோம். ஆனால் ஒன்று கேட்போம்: பணக்காரப் பல்கலைக் கழகத்துப் பிள்ளைக்கு ஒரு வள்ளல் கிடைத்தார். ஆலைத் தொழிலாளியின் மகன், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி செல்பவன், யாருக்காகக் காத்திருப்பான்? ஆசிரியர் அருகிலே ஓர் இருக்கை, கேள்வி கேட்க ஒரு வாய்ப்பு. இது வள்ளலின் இரக்கத்தால் வர வேண்டியதல்ல. அவனுக்குரிய உரிமை!