ரிங்லெட் குளிரில் வந்த யோசனை: கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங் யார்?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அங்கிருந்து தானா ராத்தா போகும் வழியில் ஓர் ஏரி தெரியும். காரை நிறுத்திப் படம் எடுக்காதவர்கள் குறைவு. ஆனால் அது இயற்கையான ஏரி இல்லை. பெர்தாம் ஆற்றை மறித்து 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது.

அந்த அணை, கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதி. அத்திட்ட வேலைக்காக மலைக்கு வந்த ஒரு குத்தகையாளர்தான், பிற்காலத்தில் மலேசியாவின் ஒரே சட்டபூர்வ கேசினோவை நிறுவினார். பெயர் லிம் கோ தோங். இன்று ஃபோனைத் திறந்தாலே வந்து விழும் ‘லைவ் டீலர்’ கேசினோ விளம்பரங்களின் கணக்கு புரிய வேண்டுமென்றால், இவர் கதையிலிருந்து தொடங்கலாம்.

தச்சு வேலையிலிருந்து அணைக்கட்டு வரை

1918-இல் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில், அன்சி என்ற இடத்தில் பிறந்தவர் லிம். பதின்ம வயதிலேயே அப்பாவை இழந்தார். 1937-இல் பிழைப்பு தேடி மலாயா வந்து, கோலாலம்பூரில் உறவினரிடம் தச்சு வேலை பார்த்தார். போர் முடிந்ததும் பழைய இயந்திரங்களை வாங்கி விற்றார். அந்த வியாபாரம் அவரைக் கட்டுமானத் துறைக்குள் கொண்டுபோனது. கியென் ஹுவாட் என்ற அவருடைய நிறுவனம் பெரிய அரசாங்கக் குத்தகைகளை எடுத்துச் செய்தது. கிளந்தானின் கெமுபு நீர்ப்பாசனத் திட்டம் அவற்றில் ஒன்று.

1964-இல் அவர் கேமரன் மலையில் இருந்தார். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். 1929-இல் தொடங்கிய போ தோட்டம் உட்பட, நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மலை அது. அவர்களுக்குக் குளிர் என்பது விடியற்காலையில் வேலைக்காட்டுக்கு இறங்கும்போது படுகிற பாடு. பட்டணத்திலிருந்து வருபவர்களுக்கோ அதே குளிர் விடுமுறை. இதே குளிர் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று லிம் யோசித்தார்.

தலைநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், பகாங்–சிலாங்கூர் எல்லையில் உலு காலி மலை இருந்தது. உயரம் 1,700 மீட்டருக்கும் மேல். மேலே போகச் சாலை இல்லை, தண்ணீர் இல்லை, மின்சாரமும் இல்லை. 1965 ஏப்ரலில், முன்னாள் நாடாளுமன்ற சபாநாயகர் முகமட் நோவா ஓமாருடன் சேர்ந்து நிறுவனத்தைப் பதிவு செய்தார். (துன் அப்துல் ரசாக், துன் உசேன் ஓன் என்ற இரண்டு பிரதமர்களுக்கும் மாமனார் இந்த நோவா. அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.) அதே ஆண்டு ஆகஸ்டில் சாலை வேலை தொடங்கியது. காட்டையும் பாறையையும் வெட்டி உச்சிக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின.

கேசினோ எப்படி வந்தது?

லிம் முதலில் நினைத்தது மலை உல்லாசத் தலம் மட்டும்தான். 1969 மார்ச் 31-ஆம் தேதி, முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வந்தார். அரசாங்கப் பணம் இல்லாமல் ஒரு தனியார் இவ்வளவு செய்திருப்பதைப் பார்த்து, கேசினோ உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். உரிமம் கிடைத்தது. 1971-இல் ஹோட்டல் திறந்தது.

அதற்குப் பிறகு வளர்ச்சி வேகமானது. செம்பனைத் தோட்டம், 1993-இல் ஸ்டார் குரூஸ் கப்பல்கள் என்று குழுமம் விரிந்தது. அமெரிக்காவில் பெக்வாட் பழங்குடியினருக்கு வங்கிகள் கடன் தர மறுத்தபோது, லிம் கொடுத்த பணத்தில்தான் 1992-இல் ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோ எழுந்தது.

லாபம் எங்கிருந்து வருகிறது?

தில்லுமுல்லு தேவையே இல்லை, கணக்கு போதும். ஐரோப்பிய ரவுலட் சக்கரத்தில் 37 எண்கள். எல்லா எண்ணிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்தால் செலவு 37 வெள்ளி. எந்த எண் விழுந்தாலும் கைக்குத் திரும்புவது 36 வெள்ளி. மீதி ஒரு வெள்ளி கேசினோவுக்கு. அதாவது வைக்கும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் சராசரியாக 2 வெள்ளி 70 காசு. ஓர் ஆள் ஓர் இரவில் ஜெயிக்கலாம். ஆயிரக்கணக்கான சுற்றுகளில் கேசினோ தோற்பதில்லை.

லைவ் டீலரிலும் அதே சக்கரம், அதே கணக்கு. ஸ்டூடியோ ஒன்றில், பெரும்பாலும் வேறொரு நாட்டில், நிஜமான ஆள் நிஜமான சீட்டைப் போடுகிறார். கேமராக்கள் படம் பிடிக்கின்றன. சீட்டிலுள்ள எண்ணையும் பந்து விழுந்த இடத்தையும் கருவி படித்துக் கணினிக்கு அனுப்புகிறது. நீங்கள் திரையைத் தட்டிப் பந்தயம் வைக்கச் சில விநாடிகள்தான். நேரம் முடிந்ததும் பந்தயம் பூட்டிக்கொள்ளும், முடிவு வந்ததும் கணக்கு தானாகக் கூடும் அல்லது கழியும். உரிமம் பெற்ற தளமாக இருந்தால் இப்படி. உரிமமே இல்லாத தளத்தில் சக்கரம் நேர்மையாகச் சுற்றினாலும், ஜெயித்த பணம் கைக்கு வருமா என்று கேட்க ஆளில்லை.

மலேசியாவில் எந்த ஆன்லைன் கேசினோவுக்கும் உரிமம் கிடையாது. கெந்திங் கேசினோவிலோ 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களையும் முஸ்லிம்களையும் உள்ளே விடமாட்டார்கள். அங்கே போக மலை ஏற வேண்டும், வீடு திரும்ப இறங்கவும் வேண்டும். அந்த இறக்கத்தில் பலருக்குப் புத்தி வந்திருக்கும் என்பது என் எண்ணம். ஃபோனில் இறக்கம் இல்லை. பிறந்த தேதியைத் தட்டினால் பல தளங்கள் திறந்துவிடுகின்றன.

2003 இறுதியில் லிம் ஓய்வு பெற்றார். பொறுப்பு மகன் லிம் கோக் தாய் கைக்குப் போனது. 2006 டிசம்பரில், சிங்கப்பூர் செந்தோசாவில் கேசினோ கட்டும் வாய்ப்பைக் குழுமம் வென்றது. அது திறந்தபோது அவர் இல்லை. முதல் ஐஃபோன் விற்பனைக்கு வந்து சில மாதங்களில், 2007 அக்டோபர் 23-ஆம் தேதி, 89 வயதில் அவர் காலமானார்.