இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ணபிள்ளை

மோட்சத்தை நாடுவோர் மண்ணுலகக் கடமைகளை மறந்துவிடுவர் என்பது பலர் கருத்து. அது பொருந்தாது என்பதற்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' எனப் போற்றப்பெறும் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளையின் வாழ்க்கையே தக்க சான்றாகும்.

இவர் 1827-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் சிற்றூரில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் வல்லவர். ஆதலின் இராமகாதை இளமையிலேயே மைந்தர் உள்ளத்தில் ஊறிற்று. 1853-இல் சாயர்புரம் மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியரானபோது இவருக்குக் கிறிஸ்து சமயத்திற் பற்றில்லை. இளவல் முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் இவருக்கு முன்னரே கிறிஸ்தவராயினர். அவர்கள் தொடர்பும் வேதநூற் பயிற்சியும் இவர் மனத்தை மெல்ல மாற்றின. 1858-இல் சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார்.

அக்காலத்தில் சமயம் மாறுதல் எளிதன்று. ஒரே பந்தியில் உண்ட உற்றார் அயலாராவர். பிறந்த வீட்டின் வாயிலும் அடைபடும். இவற்றையெல்லாம் அறிந்தே இவர் துணிந்தார். எனினும் பழைய செல்வத்துள் ஒன்றை மட்டும் கைவிடவில்லை. அஃது அவர் கற்ற தமிழ்.

ஆங்கில நாட்டு ஜான் பனியன் தம் சமயக் கொள்கைக்காகப் பெட்ஃபோர்டுச் சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். அவர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, கம்பர் காட்டிய காவிய நெறியில் கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். பாளையங்கோட்டையில் மாணாக்கர்க்குத் தமிழ் கற்பித்துவந்த நாளிலேயே வளரத் தொடங்கிய நூல் அது. ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்டு 1894-இல் நிறைவாக வெளிவந்தபோது ஆசிரியர்க்கு அகவை 67.

பனியன் கூறும் கதையில் மோட்ச நகரை நாடிச் செல்வோர் மாயச் சந்தை ஒன்றைக் கடத்தல் வேண்டும். அதனைச் சுற்றிப்போக வேறு வழியில்லை. விலைபேசுவோர் நடுவே மெய் பிறழாது நடத்தலே யாத்திரை. குரோம்பேட்டைக் கடைத்தெருவின் நெருக்கடியூடே நாடோறும் கல்லூரிக்கு வரும் நம்மவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். விண்ணகம் இறந்தபின் பெறும் பரிசு மட்டுமன்று. இன்று எவ்வழி நடப்பது என்பதையும் அதுவே நமக்குக் காட்டுகிறது.

1899-இல் 'இரட்சணிய மனோகரம்' என்னும் பக்திப் பாடல் நூலை வெளியிட்ட கிருஷ்ணபிள்ளை, 1900 பிப்ரவரி 3-ஆம் நாள் தம் யாத்திரையை முடித்தார். விண்ணகரை நாடிய அப்பெரியார் நடந்த வழி பெரும்பாலும் வகுப்பறையினூடேயே சென்றது. மாணாக்கராகிய நாம் இதனை மறவாதிருப்போமாக.